அசல் வீட்டில் துணி காயப்போடுவதில்லை

தையல்கார அக்காவின் அறையை ஒட்டியே பின்வாசல். சந்தையிலிருந்து வரும் வழியும் பின்பக்கம்தான். ஆனால் அவர் பின்வாசல் வழியாக உள்ளே வந்து நான் பார்த்ததே இல்லை. மழை கொட்டினாலும் சரி, கூடையில் நாப்பி மீன்விழுதும் கருவாடும் கனத்தாலும் சரி, வீட்டை முழுசாக ஒரு சுற்று சுற்றி, முன்பக்கத்து இரட்டைப் படிக்கட்டில் இடப்பக்கப் படியாக ஏறி, யானை நுழையும்படி செய்த முன்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டுதான் வருவார். வலப்பக்கப் படி இறங்குவதற்காம். பின்வாசல் வேலைக்காரர்களுக்காம். ஏன் என்று கேட்டால், "அசல்ல அப்படித்தான்" என்பார். கூடை மட்டும் கூடமெல்லாம் நாப்பி மணம் பரப்பிக்கொண்டு போகும்.

அந்த வீடு ரங்கூனில் அலோன் பகுதியில், ஆற்றை ஒட்டிய கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது. பர்மியர்கள் அதை ஜாமன் தைக் என்பார்கள். தைக் என்றால் காரைக்கட்டடம். எங்களுக்கு ஜெர்மன் பங்களா. அரசாங்க இலாகா ஒன்றுக்குச் சொந்தம். அறைக்கு ஒரு குடும்பமாகத் தட்டி வைத்துப் பிரித்துக் குடித்தனம் விட்டிருந்தார்கள். அதே ஊரின் தாமுவேயிலிருந்து கல்யாணமாகி நான் அங்கே போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, நடந்தே போய் வருவார். எங்களுக்குக் கிடைத்தது பழைய சாப்பாட்டுக் கூடத்தில் பாதி. தட்டிக்கு அந்தப் பக்கம் மீதிப் பாதியில் ஒரு தையல் மெஷினும் ஒரு கட்டிலும் அவரும் இருந்தார்கள்.

எங்களைப் போல அவரும் வாடகை கொடுத்து இருந்தவர்தான். ஆனால் மாடியில் இருந்த பர்மியப் பெண் டோ சீன் அவருக்கு எய்ன்ஷின்மா என்று பேர் வைத்துவிட்டார். வீட்டுக்காரம்மா என்று அர்த்தம். கேலிக்கு வைத்த பேர். அவரோ பட்டம் கிடைத்த மாதிரி அதை வாங்கி வைத்துக்கொண்டார். நான் நேரில் அக்கா என்பேன், முதுகுக்குப் பின்னால் எனக்கும் எய்ன்ஷின்மாதான். புருஷன் என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளினார். உறவு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

வீட்டின் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு கிராமம், அங்கே ஒரு ஜமீன் மாளிகை. அந்த ஊர் வழக்கப்படி சொத்து முழுக்க மூத்தவனுக்கு. இளையவனுக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு கப்பல் சீட்டும். இளையவன் ரங்கூனுக்கு வந்து அரிசி மில் வைத்தான், பணம் கொழித்தது. அண்ணன் முகத்தில் கரி பூசுவதற்காகப் பிறந்த வீட்டை அப்படியே அச்சு எடுத்து இங்கே கட்டினான். "பங்காளி ரோசத்துல கட்டுன வீடும்மா இது" என்பார். "செங்கல்லுக்குச் செங்கல் ரோசம்." அந்தத் துரைக்குக் குதிரைவண்டி ஓட்டியவர் இவருடைய தாத்தாவாம். சில மழைக்காலம்தான் துரை அங்கே வாழ்ந்தான். முதல் யுத்தம் வந்ததும் இங்கிலீஷ்காரன் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பிறகு யார் யாரோ இருந்து, கடைசியில் நாங்கள்.

ரோசத்தில் துரை ஒன்றை மறந்துவிட்டான், இது ரங்கூன் என்பதை. பனி வழுக்கி விழுவதற்காக ஏணி சாய்த்தது போல் செங்குத்தான ஓட்டுக் கூரை. முகப்புச் சுவர் இரண்டு பக்கமும் படி படியாக ஏறி உச்சியில் சேரும். குளிர் புகாமல் இருக்கச் சின்னச் சின்ன ஜன்னல். தண்ணீர்த் திருவிழா வரும் சித்திரையில் உள்ளே நாங்கள் வெந்துபோவோம். அடுப்படியை நிலத்துக்கு அடியில் வைத்திருந்தான். அமாவாசை ஓதத்துக்கு ஆற்றுத் தண்ணீர் அங்கே ஏறும், சமயத்தில் மீன் தானாகவே அடுப்படிக்கு வந்துவிடும். முகப்புச் சுவரில் இரும்பு எண்களால் ஓர் ஆண்டு பதித்திருந்தது. அச்சு எடுத்தவன் அதையும் சேர்த்து எடுத்துவிட்டான். அதன்படி பார்த்தால் ரங்கூன் என்று ஓர் ஊரே உண்டாவதற்கு முன்னால் அந்த வீடு அங்கே நின்றிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சிரித்தபோது அவர் மெஷினை நிறுத்தாமலேயே, "வயச அங்கேருந்து எண்ணணும் தம்பி, இங்கேருந்து இல்ல" என்றார்.

அசல் வீட்டை அவர் எங்கே பார்த்தார்? மாடிப்படி திரும்பும் இடத்தில், சுவரில். நீலப் பீங்கான் டைல்ஸில் துரை தன் ஊர் வீட்டைப் படமாகத் தீட்டி வைத்திருந்தான். அதே கூரை, அதே படிக்கட்டு, சுற்றிலும் அகழி, வாசல்வரை இரண்டு வரிசை மரம். கீழ்மூலையில் கொஞ்சம் டைல்ஸ் பெயர்ந்து போயிருந்தது. அந்த வெறும் சுவரில் என்ன இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும்: ஒரு கோயில், அதன் உச்சியில் தங்கச் சேவல். எந்தச் சண்டைக்கும் அவர் அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்பார். எண்பத்தெட்டுக் கிளர்ச்சியில் ஊர் கலங்கிக் கிடந்தபோது தெருத் தெருவாக மூங்கில் தடுப்புக் கட்டினார்களாம். எங்கள் வீட்டுக்கு எங்கே கட்டுவது என்று ஆண்கள் யோசித்துக்கொண்டிருக்க, படத்தில் அகழி இருக்கும் இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றாராம். கட்டினார்கள். கிணறு தடுப்புக்கு உள்ளே வந்துவிட்டது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர்க் கஷ்டமே வரவில்லை என்று டோ சீனே ஒப்புக்கொள்வார்.

எல்லா நேரமும் அப்படிப் பலிக்கவில்லை. அவருடைய அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு கணப்படுப்பு இருந்தது, குளிர் காய்வதற்கு. அதற்குள் முருகன் படம் வைத்து விளக்கேற்றி வந்தார். ஒரு தை மாதம், ராத்திரியில் போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ந்தது. அசல் வீட்டில் இந்நேரம் கட்டை எரியும் என்று முருகனை வெளியே எடுத்து வைத்துவிட்டு அடுப்பை மூட்டிவிட்டார். புகைபோக்கியில் எத்தனை தலைமுறைப் புறாக்கள் கூடு கட்டியிருந்தனவோ, புகை மேலே போகாமல் மாடியில் டோ சீன் கட்டிலுக்கு அடியில் வந்து நின்றது. ரங்கூனில் தீ என்றால் எல்லோருக்கும் குலை நடுங்கும். வாசலுக்கு வாசல் கொக்கிக்கழியும் தீ அடிக்கும் தட்டியும் வைத்திருக்க வேண்டும் என்பது வட்டாரக் கட்டளை. தெருவே அவற்றைத் தூக்கிக்கொண்டு முன்கதவில் முட்டியது. எல்லோரும் வலப்பக்கப் படியில் ஏறி வந்துவிட்டார்கள் என்பதுதான் அவருக்கு வருத்தம்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது துணியால். மழைக்காலத்தில் பெண் பிறந்தாள். விடாத மழை. பிள்ளைத் துணி அலசிப் பிழிந்தால் காயப்போட இடம் இல்லை. முன்கதவும் பின்கதவும் திறந்திருந்தால் கூடத்தில் மட்டும் காற்று ஓடும். மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணிக்குக் கயிறு கட்டி வரிசையாகப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் கயிறு இல்லை. துணியெல்லாம் இஸ்திரி போட்டது போல் மடித்து என் வாசலில் இருந்தது. மடிப்பில் அவ்வளவு ஒழுங்கு, ஈரம் மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் மறுபடி கட்டினேன். மறுபடி மடித்து வைத்தார்.

"பச்சப்புள்ளத் துணிக்கா, எங்க போய்க் காயவைக்கிறது?" என்றேன்.

"கூடம்னா நாலு பேரு வர்ற எடம் புள்ள. அசல் வீட்டுல ஒரு துணி வெளிய தெரியாது. துணி காயப்போடறதே இல்ல."

"அப்ப அங்க ஈரத்தோட உடுத்துவாங்களா?"

"அது அவங்க சங்கதி. வெளிய தெரியாது, அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் அவருக்கு மட்டும் விலக்கு கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். தன் துணியை அறைக்குள்ளேயே, மெஷின்மேலும் கட்டில் சட்டத்திலும் போட்டுத்தான் உலர்த்துவார். உலர்ந்தால்தானே. ஆனி பிறந்தால் ஐப்பசி வரைக்கும் அவர் பக்கத்தில் போனால் பூஞ்சை வாடை அடிக்கும். ஊருக்கெல்லாம் மடிப்புக் குலையாமல் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர் தான் மட்டும் ஈர நெடியோடு அலைந்தார். எனக்குக் கோபத்தோடு கோபமாகப் பாவமாகவும் இருக்கும். பாவப்பட்டால் பிடிக்காது என்பதால் கோபத்தை மட்டும் காட்டினேன்.

பெண் தவழத் தொடங்கிய அடுத்த மழைக்காலத்தில் இலாகா அதிகாரி வந்தார். கூரை ஓடுகள் சரிந்து மாடியெல்லாம் ஒழுக, டோ சீன் வீட்டில் குண்டான் வைக்க இடமில்லாமல் போயிருந்தது. அதிகாரி கீழே நின்றபடியே கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஓடு இப்ப எங்கயும் கெடைக்காது. தகரம் போடலாம்னா, உள்ள மரம் எந்த லட்சணத்துல இருக்கோ. மழை விட்டதும் இடிச்சிடறதுதான் சுலபம். உங்களுக்கெல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் மனை கொடுப்பாங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் சதுப்பு நிலம், நாமே மூங்கில் நட்டு வீடு கட்டிக்கொள்ள வேண்டும், வேலைக்குப் படகு ஏறிப் போக வேண்டும். தவழும் பிள்ளையோடு நான் அங்கே எப்படிப் போவது? எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கெஞ்சிக்கொண்டிருந்தோம். எய்ன்ஷின்மா மட்டும், "தகரமா? இது என்ன கோழிக்கூண்டா?" என்று கேட்டார். நல்லவேளையாகத் தமிழில் கேட்டார்.

அதே அதிகாரி சில நாள் கழித்து இன்னொரு செய்தியோடு வந்தார். ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மா வருகிறாராம், இந்த வீட்டைப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறாராம், கொஞ்சம் சுத்தமாக வைத்திருங்கள் என்றார். அவர் போனதும் எய்ன்ஷின்மா கூடத்தில் எங்கள் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். கெஞ்சினார். அப்படி அதுவரை நான் கேட்டதில்லை.

"வர்றவங்க தொரை வம்சம். அசல் வீட்டுல பொறந்தவங்க. அவங்க வாயால இது எங்க வீடு மாதிரியே இருக்குன்னு ஒரு வார்த்த வந்துட்டா, ஆபீசர் இடிக்க மாட்டாரு. என்னால அந்தப் பக்கம் போக முடியாதும்மா. நான் இங்கதான் இருக்கணும். அன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், துணியெல்லாம் உள்ள எடுத்துருங்க."

அன்றைக்கு யாரும் அவரைக் கேலி பேசவில்லை. ஆனால் மழையில் அத்தனை குடும்பத்து ஈரத்துணியை எங்கே ஒளிப்பது? டோ சீன்தான் வழி சொன்னார், பரண். அந்தச் செங்குத்துக் கூரைக்கு அடியில் ஒரு நெல் கிடங்கு அளவுக்குப் பரண் இருந்தது. பேய்க்குப் பயந்து ஒருவரும் ஏறுவதில்லை. காலையில் வாளி வாளியாக மேலே கொண்டுபோய்க் குறுக்கு மரங்களில் கயிறு கட்டி எல்லாவற்றையும் போட்டோம். கூடம் துடைத்துவிட்டது போல் ஆனது. எய்ன்ஷின்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்படியின் உச்சியில் போய் நின்றார். பட்டும் பூஞ்சை வாடைதான் அடித்தது.

வந்தவரைப் பார்த்தால் துரை வம்சம் மாதிரித் தெரியவில்லை. குட்டையாக வெட்டிய நரைத்தலை, முதுகில் பை, ரப்பர் செருப்பு. வாசலுக்கு வராமல் நேரே பின்பக்கம் போகப் பார்த்தார். எய்ன்ஷின்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து இடப்பக்கப் படியில் ஏற்றினார். பிறகு தொடங்கியது உபன்யாசம். இவர் பர்மியத்தில் நீளமாகச் சொல்வார், அதிகாரி இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை சொல்வார், அந்த அம்மா தலையை ஆட்டுவார். டைல்ஸ் படத்துக்கு முன்னால் வந்ததும் எய்ன்ஷின்மா பெயர்ந்த மூலையைக் காட்டி, தங்கச் சேவல் வைத்த கோயில் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அதிகாரி தயங்கினார். "அந்த எடத்துல மாட்டுச் சாணி குவிச்சு வெச்சிருந்தாங்களாம்" என்றார். "பெரிய குவியலாம். சுத்தி நெலம், நடுவுல தொழுவம். பேருதான் மாளிகையாம், பொழப்பு பண்ணைதானாம்."

டோ சீன் வாயைப் பொத்திக்கொண்டார். எய்ன்ஷின்மா கொஞ்ச நேரம் அந்த வெறும் சுவரைப் பார்த்தார். "சாணி இருந்தா மாடு இருக்குன்னு அர்த்தம். மாடு இருக்கிற வீட்டுல லட்சுமி இருக்கா. அதத்தான் நான் கோயில்னு சொன்னேன்" என்றார். அதிகாரிக்கு இதை இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை.

அந்த அம்மா திடீரென்று மேலே கையைக் காட்டினார். பரணைப் பார்க்க வேண்டுமாம். எய்ன்ஷின்மா படியை மறித்துக்கொண்டு நின்றார். மேலே மரம் உளுத்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவர், அதிகாரி பக்கத்தில் நிற்பதைப் பார்த்து விழுங்கிக்கொண்டு, "நாகம் குடியிருக்கு" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவருடைய கைக்கு அடியில் புகுந்து ஏறிவிட்டார். பின்னாலேயே நாகத்துக்குப் பயந்து கொக்கிக்கழியோடு அதிகாரி, நான், கடைசியாக எய்ன்ஷின்மா. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார்.

மேலே நாங்கள் மாட்டியபடியே எல்லாம் தொங்கியது. டோ சீனின் பூப்போட்ட தமெய்ன் பாவாடைகள், ஆண்களின் லுங்கிகள், என் பெண்ணின் துணிகள் வரிசை வரிசையாக. ஓட்டுச் சந்துகளில் காற்று புகுந்து எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. பாதி அதற்குள் காய்ந்தே விட்டது. எய்ன்ஷின்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த அம்மா ஒரு பிள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்தார், ஈரம் பார்ப்பது போல. பிறகு அழுதுகொண்டே பேச ஆரம்பித்தார். அதிகாரி ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் ஜமீன் வீட்டுப் பெண் இல்லை; ரங்கூனில் இதே அச்சில் ஒரு வீடு உண்டு என்று ஊரில் கேட்டு வந்தவராம். இரண்டாம் யுத்தம் முடிந்து, எங்கிருந்தோ ஓடி வந்த குடும்பங்களை அந்த மாளிகையில் அறைக்கு ஒன்றாகக் குடிவைத்தார்களாம். ஜமீன் குடும்பம் அதற்கு முன்பே ஓடிவிட்டதாம். கம்பளியைத் தொங்கவிட்டுப் பிரித்த பாதி அறையில் அவர் பிறந்தாராம். அத்தனை குடும்பத்துத் துணியும் காய்ந்தது இதே மாதிரிப் பரணில்தானாம். துணி போட ஏறும் பெண்கள் வெளிச்சம் தெரிகிற இடத்தைப் பார்த்து, சரிந்த ஓட்டை அன்றன்றைக்கே தள்ளி வைத்துவிடுவார்களாம். ஆள் இல்லாத பக்கம் மட்டும் இடிந்து விழுந்துவிட்டதாம். பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். அசல் வீடு. கூரையில் பாதிக்கு மேல் தகரம்.

எய்ன்ஷின்மா தலைப்பை விலக்கி அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இவங்களும் குடித்தனக்காரங்களா?" என்று அதிகாரியிடம் கேட்டார்.

"ஆமா."

"எந்த ரூமு?"

அந்த அம்மா, சாப்பாட்டுக் கூடத்தில் பின்வாசல் பக்கத்துப் பாதி என்றார். கணப்படுப்பு இருக்கும் பாதி.

எய்ன்ஷின்மா நடுமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அதிகாரி அதே மரத்தைக் கொக்கிக்கழியின் முனையால் குத்திப் பார்த்தார். முனை இறங்கவில்லை. அடுத்ததையும் குத்தினார். "தேக்கு. ஒண்ணும் ஆகல" என்றார், கொஞ்சம் ஏமாந்தவர் போல.

"அப்பத் தகரம் போடுங்க. அசல்ல அப்படித்தான்" என்றார் எய்ன்ஷின்மா.

கோழிக்கூண்டு என்று சொன்ன அதே வாய். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமெய்ன்களுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அந்த அம்மா கிளம்பும்போது பழக்கம் விடாமல் மறுபடியும் பின்வாசலுக்குத்தான் போனார். எய்ன்ஷின்மா விடவில்லை. "குடித்தனக்காரியா இருந்தா என்னா, வீட்டுக்கு வந்தவங்க முன்வாசல்ல போகணும்" என்று கையைப் பிடித்து வலப்பக்கப் படியில் இறக்கி, தெருமுனைவரை போய் வழியனுப்பினார். அதிகாரி மேலிடத்தில் என்ன சொன்னாரோ தெரியாது. மழை விடுவதற்குள் ஆள் வந்து தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது, ஆனால் ஒழுகாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. எய்ன்ஷின்மா கடைசிவரை அந்த அறையிலேயே இருந்து, அங்கிருந்தேதான் போனார். தூக்கிப் போனதும் முன்வாசல் வழியாகத்தான். எந்தப் படி என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது அந்த அம்மா வந்துபோன மறுநாளை. காலையில் பிள்ளைத் துணி வாளியோடு பரணுக்குப் போகக் கிளம்பினேன். கூடத்தில் குறுக்கே புதுக் கயிறு. நடுவில், காற்று நன்றாக ஓடும் இடமாகப் பார்த்து, ஒரே ஒரு நூல்சேலை தொங்கியது. அவருடையது. நாலு பேர் வருகிற இடத்தில், ஊர் பார்க்க. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார்.

நான் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், ஊசியை மட்டும் கயிற்றின் ஓரத்துக்கு நீட்டினார்.

"அந்தப் பக்கமா போடு புள்ள. அசல்ல புள்ளத் துணி ஓரமாத்தான் போடுவாங்க."